புரட்டாதியில் பூச்சாடிகள்

(ரொறன்ரோவில் வீட்டுத் தோட்டம் செய்யும் தமிழர் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பெரிய தோட்டங்களைப் பற்றிப் பேசப்போவதில்லை. முன்வாசற்படியிலும் பல்கனியிலும் டெக்கின் ஓரத்திலும் நிற்கிற பூச்சாடிகளைப் பற்றித்தான் பேச்சு. அதிலும் வருடம் முழுவதையும் எடுக்கவில்லை. ஆவணிக் கடைசியில் இருந்து ஐப்பசி முடியும்வரை, ஏறக்குறைய இரண்டு மாதம். கோடை போய் இலையுதிர் காலம் வருகிற அந்த இடைவெளியில் சாடிகளை என்ன செய்வது என்பதே என் தலைப்பு.

நம்மில் பலர் வீட்டில் நடப்பது இதுதான். மே மாதம் விக்ரோறியா தின விடுமுறையோடு ஆசையாகக் கன்றுகளை வாங்கி வைப்போம். ஆடி, ஆவணி வரைக்கும் தண்ணீர் ஊற்றுவோம். செப்டம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியதும் சாடிகளை மறந்துவிடுவோம். ஒருநாள் இரவு வானொலியில் உறைபனி எச்சரிக்கை வந்ததும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் கறிவேப்பிலையைத் தூக்கி வந்து வரவேற்பறையில் வைப்போம். அடுத்த நாள் கடையில் ஒரு செவ்வந்திச் சாடியை வாங்கி வாசலில் வைத்துவிட்டால் இலையுதிர் கால வேலை முடிந்துவிடும்.

இந்த முறையில் இரண்டு பிழைகள். உள்ளே வந்த கன்று ஒரு மாதத்துக்குள் இலை கொட்டும். வாசலில் வைத்த செவ்வந்தி இரண்டு கிழமையில் கருகும். காரணம் குளிர் மட்டுமல்ல, காலம் பிந்திச் செய்த வேலை. சாடிகளைப் புதுப்பிப்பது என்றால் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூவை வைப்பது என்று நினைக்கிறோம். என் கருத்தில் அது முதலில் ஒரு பிரிப்பு வேலை. எது உள்ளே வரவேண்டும், எது வெளியே நிற்கலாம், எதற்கு விடை கொடுக்க வேண்டும் என்று பிரிப்பது. அந்தப் பிரிப்பை உறைபனி வரும்வரை தள்ளிப்போடாமல் செப்டம்பர் நடுப்பகுதிக்குள் செய்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஏன் செப்டம்பர்? பகலின் நீளத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு பத்துப் பாகைக்குள் இருக்கிறது. அங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. ரொறன்ரோவில் ஜூன் 21 அளவில் பகல் பதினைந்தரை மணி நேரம். டிசம்பர் 21 அளவில் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. செப்டம்பர் கடைசியில் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய மூன்று நிமிட வெளிச்சம் குறைகிறது. நமக்கு அது தெரியாது. செடிக்குத் தெரியும்.

செடிக்குத் தெரியும் என்பதை நிறுவியவர்கள் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்த கார்னர், அலார்ட் என்ற இருவர். அவர்களுடைய ஆய்வு 1920இல் வெளியானது. அவர்கள் எடுத்த பயிர், யாழ்ப்பாணத்தவருக்கு அறிமுகம் தேவையில்லாத புகையிலை. மேரிலாண்ட் மம்மத் என்ற ஒரு வகை, கோடை வயலில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சிறு கன்றாக இருக்கும்போதே பூத்தது. வெப்பம், ஈரம், பசளை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்த பிறகு, கோடையிலேயே கன்றுகளைப் பின்னேரத்தில் இருட்டுக் கொட்டிலுக்குள் தள்ளிப் பகலைக் குறுக்கிப் பார்த்தார்கள். பூத்தது. பகல் குறுகி இரவு நீண்டால் பூக்கும் செடிகள் உண்டு என்று அப்படித்தான் தெரியவந்தது. செவ்வந்தி அந்த இனத்தைச் சேர்ந்தது. செப்டம்பரில் கடை கடையாகச் செவ்வந்தி வருவதற்கும், நவராத்திரியும் அதன் பூக்காலமும் பொருந்தி வருவதற்கும் இதுவே காரணம்.

இனி பிரிப்புக்கு வருவோம்.

முதலில் விடை கொடுக்க வேண்டியவை. கோலியஸ், பிகோனியா, இம்பேஷன்ஸ், வற்றாளைக் கொடி போன்றவை வெப்ப நாட்டுச் செடிகள். முதல் உறைபனியில் ஒரே இரவில் கறுத்துத் தொங்கிவிடும். அதுவரை காத்திருந்து கறுத்ததைப் பிடுங்குவதில் என்ன லாபம்? செப்டம்பர் நடுப்பகுதியில், நல்ல நிலையில் இருக்கும்போதே கோலியஸில் நாலு கிளை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். வேர் விடும். அதுவே அடுத்த வருடக் கன்று. மற்றதைப் பிடுங்கலாம். வற்றாளைக் கொடியைப் பிடுங்கும்போது அடியில் கிழங்கு இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அலங்காரத்துக்கு விற்றாலும் அது நம்முடைய வற்றாளை இனம்தான். ஆனால் கடையில் அதற்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாததால் சமைக்க வேண்டாம்.

கிழங்கு என்றதும் இன்னொரு எச்சரிக்கை. சிலர் சாடியில் கார்த்திகைப்பூ வளர்க்கிறீர்கள். இங்கே அது கார்த்திகையில் பூக்காது, கோடையில் பூக்கும். கொடி காய்ந்த பிறகு கிழங்கை மெதுவாக எடுத்து, உலர்ந்த தும்புத்தூளில் புதைத்து, உறையாத இடத்தில் வையுங்கள். அந்தக் கிழங்கு கடும் நஞ்சு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம் வைக்கும் பக்கம் அதை வைக்கவே கூடாது. டாலியா, கன்னா கிழங்குகளை முதல் உறைபனியில் இலை கறுத்த பிறகு எடுத்தால் போதும்.

இரண்டாவது, உள்ளே வரவேண்டியவை. கறிவேப்பிலை, மல்லிகை, செவ்வரத்தை, துளசி, தேசி, முருங்கை. நாம் கனடாவுக்குக் கொண்டுவந்த ஊர் இவற்றுக்குள் இருக்கிறது. ஆனால் இவை ஒன்றும் உறைபனி எச்சரிக்கைக்காகக் காத்திருக்கும் செடிகள் அல்ல. இரவு வெப்பநிலை 12 பாகைக்கு இறங்கத் தொடங்கும்போது ஆயத்தம் செய்ய வேண்டும். 10 பாகைக்குக் கீழே விடக்கூடாது. ரொறன்ரோவில் அது பெரும்பாலும் செப்டம்பருக்குள் வந்துவிடும்.

ஆயத்தம் என்பது நாலு வேலை. முதலாவது, ஒரு கிழமை, பத்து நாளைக்கு வெளியிலேயே நிழலில் வைப்பது. முழு வெயிலில் நின்ற இலை, அறை வெளிச்சத்துக்குத் திடீரென்று வந்தால் தாங்காது. மஞ்சளித்துக் கொட்டும். இரண்டாவது, குளிப்பாட்டுவது. தண்ணீர்க் குழாயை நல்ல வேகத்தில் பிடித்து, இலைகளின் அடிப்பக்கத்தை முக்கியமாகக் கழுவுங்கள். மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் செஞ்சிலந்தியும் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். பிறகு மென்மையான சவர்க்காரக் கரைசலைத் தெளித்து, சில நாள் இடைவெளியில் மீண்டும் ஒருமுறை தெளியுங்கள். வெளியே மழையும் காற்றும் வண்டுகளும் பூச்சியை அடக்கி வைத்திருக்கின்றன. உள்ளே ஹீற்றரின் உலர்ந்த காற்றில் செஞ்சிலந்திக்குத் தடையே இல்லை. மூன்றாவது, சாடியின் அடித்துளையைப் பார்ப்பது. எறும்புக் கூடு இருந்தால், சாடியை ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் அமிழ்த்தி எடுத்தால் எறும்பு வெளியேறும். நாலாவது, உள்ளே எந்த யன்னல் என்று முடிவு செய்வது. தெற்குப் பார்த்த யன்னல் முதல் தெரிவு. மேற்கு இரண்டாவது. ஹீற்றிங் காற்று வரும் துவாரத்துக்கு மேலே ஒருபோதும் வைக்காதீர்கள்.

உள்ளே வந்த கறிவேப்பிலை குளிர்காலத்தில் இலை உதிர்த்தால் பதற வேண்டாம். வெளிச்சம் குறைந்த மாதங்களில் அது ஓய்வெடுக்கிறது. அந்த நேரத்தில் பாவம் பார்த்து நாம் செய்யும் உபகாரம்தான் அதைக் கொல்கிறது. இலை கொட்டுகிறதே என்று தண்ணீரை ஊற்றுகிறோம், பசளை போடுகிறோம். இலை இல்லாத கன்று தண்ணீரைக் குடிக்காது. வேர் அழுகும், மண்ணில் சிறு ஈக்கள் பறக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பசளை மார்ச் வரை வேண்டாம். முருங்கையும் அப்படித்தான். இலை முழுவதும் கொட்டி வெறும் தடி நின்றாலும், தடி காயாமல் இருந்தால் உயிர் இருக்கிறது. துளசி மட்டும் எவ்வளவு பார்த்தாலும் சில வீடுகளில் நிற்காது. அதனால் ஆவணியிலேயே விதை எடுத்து ஒரு கடதாசி உறையில் போட்டு வையுங்கள். அது நம்பிக்கையான காப்புறுதி.

மூன்றாவது, வெளியே நிற்கக்கூடியவை. இங்கேதான் உண்மையான புதுப்பிப்பு தொடங்குகிறது. அதற்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும்.

சாடி மண் என்று நாம் வாங்குவது உண்மையில் மண்ணல்ல. பெரும்பங்கு கனடாவின் சதுப்பு நிலங்களில் எடுக்கும் பீற் பாசி, அதோடு பேர்லைட் போன்ற காற்றோட்டப் பொருள். இப்போது தும்புத்தூள் கட்டிகளும் கிடைக்கின்றன. அவற்றில் பல இலங்கையிலிருந்து வருபவை. நாம் வருவதற்கு விசா தேவைப்பட்ட நாட்டுக்கு நம் தென்னந்தும்பு கப்பலில் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றிய பிறகு இந்தக் கலவை இறுகிவிடும், மட்டம் இறங்கிவிடும், சத்தும் கழுவுப்பட்டுப் போயிருக்கும். முழுவதையும் கொட்ட வேண்டியதில்லை. பழைய வேர்ப்பந்தைக் கிழித்து எடுத்துவிட்டு, மேல் மூன்றில் ஒரு பங்கை அகற்றி, அந்த அளவுக்குப் புதுக் கலவையும் கூட்டெருவும் சேர்த்துக் கிளறினால் இலையுதிர் காலத்துக்குப் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தக்காளியோ கத்தரியோ நோய் பிடித்து வாடிய சாடியின் மண்ணை மறுபடி சாடிக்குப் பாவிக்க வேண்டாம். பசளையும் தாராளமாகப் போட வேண்டாம். இந்தக் காலத்தில் வைக்கும் செடி இனிப் பெரிதாக வளரப்போவதில்லை. வைத்த அளவிலேயே நிற்கப்போகிறது. ஆகவே கோடையில் விடுவதுபோல இடைவெளி விடாமல் நெருக்கி வையுங்கள்.

எதை வைப்பது? நடுவிலோ பின்னாலோ உயரமாக ஒன்று, அதைச் சுற்றி நிறைக்க ஒன்றிரண்டு, விளிம்பில் வழிய ஒன்று. இந்த ஒழுங்கு போதும். உயரத்துக்கு சுவிட்ச் கிராஸ் என்ற இந்த நாட்டுப் புல் நல்லது. பொன்னிறமாகக் காய்ந்த பிறகும் அழகாக நிற்கும். நிறைப்பதற்குச் செவ்வந்தி, அலங்காரக் கோவா, பான்சி, செடம், ஹியூக்கெரா. வழிவதற்கு ஐவி.

செவ்வந்தி வாங்கும்போது முழுக்கப் பூத்த சாடி கண்ணைப் பறிக்கும். அதை விட்டுவிட்டு, மொட்டு இறுகி, நாலைந்து மட்டும் நிறம் காட்டும் சாடியை எடுங்கள். பல கிழமைகள் கூடுதலாக நிற்கும். வாங்கிவந்த சாடியில் வேர் நெருங்கி இறுகியிருக்கும். மேலே ஊற்றும் தண்ணீர் ஓரத்தால் ஓடிவிடும். நடுவதற்கு முன் வாளியில் வைத்து, குமிழ் அடங்கும்வரை ஊறவிடுங்கள். செவ்வந்தி கருகுவது பெரும்பாலும் குளிரால் அல்ல, தாகத்தால்.

அலங்காரக் கோவாவை நம் ஆட்கள் சிலர் சிரிப்போடு பார்க்கிறார்கள். கோவாவைப் பூச்சாடியில் வைப்பதா என்று. குளிர் கூடக் கூடத்தான் அதன் நடுவில் ஊதாவும் இளஞ்சிவப்பும் ஆழமாகும். மற்றப் பூக்கள் தலை சாய்க்கும் நவம்பரில் வாசலைக் காப்பது அதுதான். பான்சியும் சிறு உறைபனிக்கு அஞ்சாது.

ஒரு சாடியையாவது ஆஸ்ரருக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன். நியூ இங்கிலாந்து ஆஸ்ரர் ஒன்ராறியோ மண்ணுக்கே உரிய செடி. செப்டம்பரில் ஊதா நிறத்தில் பூக்கும். அதே செப்டம்பரில் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் ஒன்ராறியோ ஏரிக்கரையை ஒட்டித் தெற்கே போகின்றன. தெற்கு ஒன்ராறியோவில் பொயின்ற் பீலி முனை அவை கூடும் இடமாகப் பேர்பெற்றது. மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து மத்திய மெக்சிக்கோவின் மலைக்காடுகளில் குளிர்காலம் கழிக்கும். இந்தப் பயணத்துக்கான தேனை அவை பிந்திப் பூக்கும் ஆஸ்ரரிலும் கோல்டன்ரொட்டிலும் எடுக்கின்றன. ஊர்விட்டு ஊர் போன நமக்கு வழிச்சாப்பாட்டின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி உறைபனி. ஏரிக்கரைக்குக் கிட்ட இருக்கும் வீடுகளுக்கு அது பெரும்பாலும் அக்டோபர் நடுப்பகுதிக்குப் பின் வரும். மார்க்கம் தாண்டி வடக்கே போனால் அதற்கு முன்பே வரலாம். வானிலை அறிக்கை 2 அல்லது 3 பாகை என்று சொன்னாலும், மேகமில்லாத, காற்றில்லாத இரவாக இருந்தால் கவனியுங்கள். அறிக்கையில் வரும் வெப்பநிலை தரைக்கு மேலே ஆள் நெஞ்சளவு உயரத்தில் அளந்தது. தரை மட்டம் அதைவிடக் குளிரும். பழைய படுக்கை விரிப்பால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். இலையைத் தொடும்படி பிளாஸ்ரிக் தாளால் மூடாதீர்கள்.

வருடாவருடம் உயிர்த்து வரும் செடிகளைச் சாடியிலேயே குளிர்காலம் தாண்ட வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நிலத்தில் இருக்கும் வேரைச் சுற்றி மண்ணின் வெப்பம் காக்கும். சாடியில் இருக்கும் வேருக்கு நாலு பக்கமும் குளிர்காற்று. ஆகவே நம் வலயத்தைவிட இரண்டு வலயம் கூடுதலாகக் குளிர் தாங்கும் செடியைத் தெரிய வேண்டும். ரொறன்ரோ கனடிய வலய வரைபடத்தில் 6, 7 என்ற அளவில் வருகிறது. செடியின் அட்டையில் 4 என்றோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் சாடியில் துணிந்து விடலாம். கடையில் பூத்த நிலையில் வாங்கி அக்டோபரில் வைத்த செவ்வந்தி பெரும்பாலும் சாடியில் பிழைக்காது. அதை ஒரு பருவத்து விருந்தாளியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாடிக்கும் குளிர் உண்டு. சுட்ட மண் சாடி தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். சாடி வெடிக்கும். மண் சாடிகளைக் காலியாக்கி, துடைத்து, கராஜில் கவிழ்த்து வையுங்கள். வெளியே நிற்கப்போவது தடித்த பிளாஸ்ரிக்காகவோ மரமாகவோ இருக்கட்டும். அடித்துளை அடைபடாதபடி கீழே இரண்டு மரத்துண்டு வையுங்கள். சாடிகளைச் சுவரோடு நெருக்கி, இடைவெளியில் காய்ந்த மேப்பிள் இலைகளைத் திணித்துவிட்டால் அதைவிடப் போர்வை இல்லை. வீதியோரத்தில் கடதாசிப் பைகளில் வைத்து நகரசபைக்குக் கொடுத்துவிடும் இலைதான் அது. இரண்டு பையை உங்களுக்காக மறித்து வையுங்கள்.

அக்டோபரில் கடைசியாக இரண்டு வேலை. ஒன்று, வசந்தத்துக்கான குமிழ்கள். 1945இல் நெதர்லாந்து அரச குடும்பம் ஒட்டாவாவுக்கு ஒரு லட்சம் துலிப் குமிழ்களைப் பரிசளித்தது. அன்றிலிருந்து துலிப் கனடாவின் வசந்தமாகிவிட்டது. அதற்குப் பூக்கப் பன்னிரண்டு முதல் பதினாறு கிழமைக் குளிர் தேவை. சாடியில் நட்டு, நனைத்து, கராஜிலோ சுவரோரம் இலைப் போர்வைக்குள்ளோ வையுங்கள். அணில் துலிப்பைத் தோண்டும், டாஃபோடிலைத் தொடாது. அணில் தொல்லை உள்ளவர்கள் டாஃபோடில் வைக்கலாம், அல்லது மேலே கம்பிவலை போடலாம். அடுப்படிக்காரருக்கு உள்ளி. அக்டோபரில் பல்லுப் பல்லாகப் பெரிய சாடியில் ஊன்றி இலையால் மூடினால், அடுத்த ஜூலையில் கிண்டலாம்.

மற்றது, பூ முடிந்த வாசல் சாடி. மண் உறைய முன், அதில் சிவப்புத் தண்டுள்ள டொக்வூட் கிளைகளையும் பைன், சீடர் கொப்புகளையும் செருகி நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மண் உறைந்ததும் அவை சீமெந்தில் பதித்ததுபோல் நிற்கும். பனிக்காலம் முழுவதும் தண்ணீர் கேட்காத அலங்காரம் அது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் குளிரைவிடக் காற்றுத்தான் பகை. உயரமான புல்லை விட்டுவிட்டு குட்டையான கோவா, பான்சி, ஹியூக்கெராவோடு நில்லுங்கள். கம்பிக்கு வெளிப்பக்கம் சாடி தொங்கவிடுவதைப் பல கட்டடங்கள் அனுமதிப்பதில்லை. அது நல்ல விதி. கீழே நடப்பவர் தலை நமக்கு முக்கியம்.

அன்பர்களே, நான் சொன்னதை எல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. செப்டம்பர் முதல் கிழமையில் பிரியுங்கள். நடுப்பகுதியில் வெப்ப நாட்டுக் கன்றுகளை நிழலுக்குக் கொண்டுவந்து கழுவுங்கள். கடைசியில் அவற்றை உள்ளே எடுத்து, காலியான சாடிகளில் புது மண் சேர்த்து நடுங்கள். தாங்ஸ்கிவிங் விடுமுறையில் குமிழும் உள்ளியும். பனி விழ முன் சுவரோரம். இதுதான் கணக்கு.

இந்த வேலையில் பாரம் தூக்குவதும் உண்டு. ஒரு பெரிய சாடி நனைந்தால் முதுகை முறிக்கும். ஆகவே இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டடத்திலோ வீதியிலோ தனியாக இருக்கும் அம்மம்மா, தாத்தா யாராவது கறிவேப்பிலைச் சாடியை நகர்த்த முடியாமல் இருப்பார்கள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை போய்க் கதவைத் தட்டி, "சாடி உள்ள எடுக்கோணுமோ?" என்று கேளுங்கள். ஒரு பத்து நிமிட உதவி, ஒரு கன்றுக்கு இன்னொரு வருட ஆயுள்.